சிவப்பு வயர், வெள்ளை வயர்

இந்த மாதம் முன்பள்ளிப் பிள்ளைகளின் காலை உணவு பற்றி எழுதுவதாகச் சென்ற இதழில் சொல்லியிருந்தேன். அது அடுத்த மாதத்துக்குப் போகட்டும். முல்லைத்தீவு மாவட்டத்தின் ஒரு கிராமத்தில் அண்மையில் நடந்த ஒரு விடயத்தை முதலில் எழுதிவிட வேண்டும் என்று நினைக்கிறேன். இதை வாசிக்கும் உங்களில் யாரோ ஒருவர் வீட்டிலும் பிஸ்கற் தகரத்துக்குள் பழைய இறுவட்டு ஒன்று கிடக்கக்கூடும். இன்னுமொரு மாரி காலம் போகும்வரை அதை அப்படியே வைத்திருப்பது நல்லதல்ல.

நான் வாரம் ஒருமுறை போகும் அந்தக் கிராமத்தில் ஓர் அக்கா இருக்கிறார். வயது ஐம்பத்திரண்டு. கச்சான் வறுத்துப் பைகளில் அடைத்துக் கடைகளுக்குக் கொடுக்கிறார். ஆடும் வளர்க்கிறார். கணவர் கூத்துப் பாடுபவர். முள்ளியவளை, வற்றாப்பளைப் பக்கத்துக் கோவலன் கூத்தைப் பற்றி வன்னி வாசகியருக்கு நான் சொல்லத் தேவையில்லை. மற்ற மாவட்டங்களில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன், கண்ணகி கதையை இரவிரவாகப் பாடி ஆடும் கூத்து அது. 2005 இல் ஊரில் ஒரு கூத்துப் பழகினார்களாம். முற்றத்தில் நடந்த ஒத்திகையை யாரோ ஒருவர் பதிவு செய்து, இறுவட்டில் அடித்து, நாலைந்து பேருக்குக் கொடுத்திருக்கிறார். அதில் ஒன்று வவுனியாவில் இருந்த அக்காவின் தங்கைக்குப் போனது. 2002 இல் ஏ-9 பாதை திறந்தபின் ஆட்களும் பொருட்களும் போய் வந்த காலம் அது.

ஊரில் இருந்த மற்ற இறுவட்டுகளுக்கு 2009 இல் என்ன ஆனது என்று நான் எழுத வேண்டியதில்லை. திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரையே இருக்கவில்லை.

கணவரைப் பற்றி 2009 மே மாதத்துக்குப் பிறகு எந்தத் தகவலும் இல்லை. அக்கா இன்றைக்கும் பொட்டு வைக்கிறார். படிவங்களில் கணவரின் பெயருக்குப் பக்கத்தில் "காணாமல் போனவர்" என்று எழுதுவார். "இறந்தவர்" என்று எழுதினால் அலுவல் கெதியாய் முடியும் என்று அவருக்குச் சொன்னவர்கள் இருக்கிறார்கள். அவர் எழுதவில்லை.

தங்கையின் மகள் இவ்வருடம் ஊருக்கு வந்தபோது, தாயின் அலுமாரியைத் துப்புரவாக்கையில் அகப்பட்டது என்று அந்த இறுவட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். அக்கா அதை ஒரு சேலைக்குள் சுற்றி வைத்திருந்தார். கேட்கவில்லை. கேட்பதற்கு அவரிடம் வழி இருக்கவில்லை. கைத்தொலைபேசியில் இறுவட்டைப் போட முடியாது. எங்கள் அலுவலக லப்டொப்பிலும் அதற்கு இடம் இல்லை. இப்போது வருகிற லப்டொப் பலவற்றில் அந்தத் தட்டையே எடுத்துவிட்டார்கள்.

ஆனால் அக்காவின் வீட்டு அலுமாரிக்கு மேலே, பொலித்தீன் பையால் கட்டியபடி, ஒரு டீவீடி பிளேயர் இருந்தது. மகன் வேலைக்குப் போன புதிதில் வாங்கியது. 2022 இல் மின்சாரம் வந்து வந்து போன நாட்களில் ரீவி எரிந்துபோக, பிளேயர் மேலே ஏறிவிட்டது. மகன் இப்போது கட்டாரில்.

"ரீவி இல்லாமல் உது வேலை செய்யுமே தங்கச்சி?" என்று அக்கா கேட்டார்.

செய்யும். பாட்டு இறுவட்டுக்குப் படம் தேவையில்லை. டீவீடி பிளேயர்களில் அநேகமானவை சாதாரணப் பாட்டு இறுவட்டையும் வாசிக்கும். ரீவி என்பது படத்தைக் காட்டுவதற்கு மட்டும். சத்தத்துக்கு வேறு வாசல் இருக்கிறது. அந்த வாசலில் ஓர் அம்பிளிபயரைப் பூட்டிவிட்டால் போதும். இதை நான் அவருக்கு ஒரு நிபுணர் மாதிரிச் சொன்னேன். ஆனால் என் வாழ்நாளில் ஒருமுறையேனும் அதைச் செய்து பார்த்தவளல்ல.

அம்பிளிபயர் எதற்கு, சின்ன ஸ்பீக்கர் ஒன்று போதாதா என்று நீங்கள் கேட்கலாம். அக்காவோடு அவருடைய மாமியார் இருக்கிறார். எண்பத்து மூன்று வயது. காது மிகவும் மந்தம். பேரன் கட்டாரிலிருந்து கதைத்தால், "போனுக்குள்ள நுளம்பு கத்துற மாதிரிக் கிடக்கு" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். அந்தக் குரலைக் கேட்க வேண்டியவர் முதலில் அவர்தான். அவருக்குக் கேட்பதென்றால் பெரிய பெட்டி வேண்டும்.

மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்திடம் ஓர் அம்பிளிபயரும் இரண்டு பெட்டி ஸ்பீக்கர்களும் இருக்கின்றன. முன்பள்ளி விளையாட்டு விழாவுக்கென்று வாங்கியவை. கூட்டமென்றால் அவற்றைப் பூட்ட ஒரு தம்பியைக் கூப்பிடுவார்கள். கெட்டிக்காரத் தம்பி, குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால் அன்றைக்கு அவர் கொழும்பில். அவர் வரும்வரை பொறுப்போம் என்று சங்கத்துத் தலைவி சொன்னார். "கரண்ட் சாமான், நாங்கள் தொட்டு ஏதும் நடந்தால்?"

பல்கலைக்கழகத்தில் பால்நிலை சார்ந்த வேலைப் பிரிப்பு என்ற கேள்விக்கு எட்டுப் பக்கம் விடை எழுதியவள் நான். அந்த எட்டுப் பக்கத்திலும் அம்பிளிபயர் வரவில்லை. அந்தத் தலைவி 2009 இல் தன் பிள்ளைகளுக்காகத் தன் கையால் பங்கர் வெட்டியவர். தறப்பாள் கட்டியவர். திரும்பி வந்து கிணறு இறைத்தவர். அப்படிப்பட்டவருக்கு இரண்டு வயரைச் சொருகப் பயம். எனக்கும் பயம்தான்.

1995 இல் எனக்கு ஏழு வயது. யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, பற்றரி வாங்க வழியில்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வயர் எடுத்து வானொலி கேட்டோம். உங்களில் என் வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இது நினைவிருக்கும். எங்கள் வீட்டில் பெடலைச் சுற்றியது அம்மா. வானொலியின் ஊசியைத் திருப்பியது அப்பா. அம்மாவின் கை ஓய்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் ஓய்ந்துவிடும். ஆனால் வயர் பூட்டுவது அப்பாவின் வேலை என்றுதான் வீட்டில் எல்லோருக்கும் நினைப்பு. அம்மாவுக்கும் அதே நினைப்பு.

கடைசியில் தலைவி சம்மதித்தார். தானும் வந்து பக்கத்தில் இருப்பதென்ற நிபந்தனையோடு. வியாழக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு அம்பிளிபயரையும் ஒரு பெட்டியையும் சைக்கிள் கரியரில் கட்டிக் கொண்டுவந்தோம்.

அக்காவுக்கு வேறொரு யோசனை இருந்தது. அதை வயர்களை விரித்த பிறகுதான் சொன்னார். "பெட்டியில போட்டால் சனம் என்ன எண்டு கேக்கும். செத்த வீட்டுக்குப் போடுற மாதிரி வந்திடும்." அதற்கு எங்களில் யாரிடமும் மறுமொழி இருக்கவில்லை. வேண்டாமென்றால் கொண்டுபோய் விடுவோம் அக்கா என்றேன். அவர் கொஞ்சநேரம் யோசித்துவிட்டுக் கதவையும் யன்னலையும் சாத்தினார். பெட்டியை வெளியே பார்க்காமல் உள்ளே, ஆச்சியின் கதிரைக்கு இரண்டு முழத் தூரத்தில் வைத்தோம்.

இனி வேலையைச் சொல்கிறேன். இதை நீங்களும் செய்யலாம் என்பதால் நாங்கள் விட்ட பிழைகளையும் சேர்த்தே சொல்கிறேன்.

பிளேயரின் பின்பக்கத்தைப் பாருங்கள். வட்டமான சின்னச் சொக்கற்றுகள் வரிசையாக இருக்கும். மஞ்சள் நிறம் படத்துக்கு. வெள்ளையும் சிவப்பும் சத்தத்துக்கு, வெள்ளை இடப்பக்கம், சிவப்பு வலப்பக்கம். பிளேயரோடு வருகிற மூன்று நிற வயரில் மஞ்சளை ஒதுக்கிவிட்டு மற்ற இரண்டையும் எடுத்தால் போதும். சில பிளேயர்களில் சத்தத்துக்கே ஆறு சொக்கற்றுகள் இருக்கும். சினிமாக் கொட்டகை மாதிரிச் சுற்றவர ஸ்பீக்கர் வைப்பவர்களுக்கானவை அவை. பாட்டு இறுவட்டுக்கு முன்பக்க இடம், முன்பக்க வலம் என்ற இரண்டும்தான் வேண்டும். இன்னுமொன்று தனியாக, பெரும்பாலும் செம்மஞ்சள் நிறத்தில் இருக்கும். அது டிஜிற்றல் வாசல். அதனூடாக வருவது சத்தம் அல்ல, இலக்கங்கள். சாதாரண அம்பிளிபயருக்கு அந்தப் பாஷை தெரியாது. சாத்திய யன்னல் இருட்டில் செம்மஞ்சளைச் சிவப்பென்று நினைத்து முதலில் அதில் சொருகியவள் நான்தான்.

வயரின் மற்ற முனை அம்பிளிபயருக்குப் போகவேண்டும். இங்கேதான் கவனம் தேவை. எங்கள் அம்பிளிபயரில் ஒலிவாங்கிக்கு இரண்டு சொக்கற்றுகள், அவற்றுக்குப் பக்கத்தில் ஏ, யூ, எக்ஸ் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளோடு ஒரு சோடி. அந்தச் சோடிதான் சரியான இடம். வீட்டுப் பாவனை அம்பிளிபயரென்றால் சீடி, ரேப், டியூனர் என்று எழுதிய இடங்களும் சரி. 'போனோ' என்று எழுதிய இடம் மட்டும் கூடாது, அது பழைய இசைத்தட்டுச் சுழலிக்கு. ஒலிவாங்கி இடமும் கூடாது. ஏனென்றால் ஒலிவாங்கி அனுப்புவது சில மில்லிவோல்ற் மட்டுமே, ஒரு வோல்ற்றை ஆயிரமாகப் பிரித்தால் அதில் சில பங்கு. அந்தச் சின்னதை அம்பிளிபயர் பல மடங்கு பெருக்குகிறது. பிளேயரிலிருந்து வருவதோ உச்சத்தில் ஏறக்குறைய 2 வோல்ற். காதுக்குள் இரகசியம் சொல்ல வந்தவர் சத்தம் போட்டுக் கத்தினால் எப்படியிருக்கும்? அப்படித்தான் கரகரவென்று உடைந்து வரும். பாட்டு உடைந்து வந்தால் இறுவட்டையோ பெட்டியையோ குறை சொல்லுமுன் எந்தச் சொக்கற்றில் பூட்டியிருக்கிறீர்கள் என்று பாருங்கள்.

சில ஒலிபெருக்கி அம்பிளிபயர்களில் இந்தச் சோடிக்குப் பதில் ஒரேயொரு சொக்கற்தான் இருக்கும். அப்போது வெள்ளையை மட்டும் பூட்டினாலும் பாடுபவரின் குரல் வரும், சில வாத்தியங்கள் குறைந்து போகலாம். இரண்டையும் நேராக முறுக்கி ஒன்றாக்கிச் சொருக வேண்டாம். இரு பக்கமும் ஒன்றையொன்று எதிர்த்துத் தள்ளும். நடுவில் இரண்டு சின்ன றெசிஸ்ரர்கள் வைத்துச் சேர்த்துத் தரும்படி ரேடியோ திருத்துபவரிடம் கேளுங்கள், சின்ன வேலை.

பெட்டிக்குப் போகும் வயர் அம்பிளிபயரின் பின்னாலிருந்து மட்டும் போகவேண்டும். அதன் இரண்டு இழைகளும் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டால் அம்பிளிபயர் பழுதாகிவிடும். செப்புக் கம்பி வெளியே தெரியாமல் முறுக்கிச் சொருகுங்கள். பிளேயரிலிருந்து நேராகப் பெட்டிக்குப் பூட்டுவதில் பயனில்லை. பெட்டியைத் தள்ளும் பலம் பிளேயருக்குக் கிடையாது.

மின்சாரத்தைப் பற்றி ஒரே ஒரு விடயம். பிளேயரின் பிளக் இரண்டு கால் உள்ளது, சுவரில் இருந்தது மூன்று கண் உள்ளது. அக்கா பழக்கத்தில் ஒரு நெருப்புக் குச்சியை எடுத்து மேல் கண்ணுக்குள் குத்தப் போனார். எங்கள் ஊர்களில் எத்தனை வீடுகளில் இதைப் பார்க்கிறேன்! அந்த மூடி பிள்ளைகளின் விரலும் கம்பியும் போகாமல் காப்பதற்கென்றே வைத்தது. பொருத்தமான அடப்ரர் கடையில் சொற்ப விலைக்கு வாங்கலாம். தலைவி தன் வீட்டுக்கு ஓடிப்போய் ஒன்றை எடுத்து வந்தார். வயர் எல்லாவற்றையும் பூட்டிய பிறகுதான் சுவிச் போட வேண்டும். முதலில் பிளேயர், கடைசியில் அம்பிளிபயர். நிறுத்தும்போது அம்பிளிபயர் முதலில். இல்லாவிட்டால் பெட்டி 'டொம்' என்று அடிக்கும். சத்தத் திருகியை எப்போதும் பூச்சியத்தில் வைத்துத்தான் தொடங்க வேண்டும், மெல்ல மெல்லக் கூட்டலாம். இந்த ஒழுங்கைத் தலைவி ஒரு கடதாசியில் எழுதி அம்பிளிபயரின் மேலே ஒட்டிவிட்டார். தம்பி வந்து பார்த்து என்ன சொல்வாரோ தெரியாது.

அந்த இறுவட்டை முதலில் போடவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பக்திப் பாடல் இறுவட்டை வாங்கிப் போட்டுப் பார்த்தோம். பழுதான பிளேயர் இறுவட்டைக் கீறிவிடக்கூடும். திரும்பக் கிடைக்காத ஒன்றை வைத்துப் பரீட்சை செய்யக் கூடாது. றிமோட் எப்போதோ தொலைந்துவிட்டது. முன்பக்கத்து முக்கோணப் பொத்தானை அழுத்தினால் போதும். நான் செம்மஞ்சளில் சொருகியதால் முதலில் சத்தமே இல்லை. தலைவிதான் யன்னலைக் கொஞ்சம் திறந்து, வயரைத் தடவிப் பார்த்து, "இது சிவப்பு இல்லைப் பிள்ளை" என்று மாற்றிச் சொருகினார். பாட்டு வந்தது. நாங்கள் மூவரும் பள்ளிப் பிள்ளைகள் மாதிரிக் கைதட்டினோம். கொஞ்சம் முன்னர் கரண்ட் சாமானைத் தொடப் பயந்தவர் அவர்.

அதன் பிறகு அக்கா சேலைக்குள்ளிருந்து இறுவட்டை எடுத்தார். பிளேயர் அதைச் சுற்றியது, யோசித்தது, சிறு கண்ணாடியில் 'நோ டிஸ்க்' என்று எழுதியது. மறுபடியும் அதே. அக்கா ஒன்றும் கதைக்கவில்லை. நான் இது எத்தனையோ வருடம் கிடந்த சாமான், எதிர்பார்க்க முடியாது என்று ஏதோ சொல்லத் தொடங்கி, அவருடைய முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டேன்.

இதன் காரணத்தைப் பிறகு வாசித்து அறிந்தேன். கடையில் விற்கும் பாட்டு இறுவட்டு அச்சில் அழுத்திச் செய்தது. கணினியில் அடித்த இறுவட்டு அப்படியல்ல, அதற்குள் ஒரு சாயப் படலம் இருக்கிறது. லேசர் ஒளி அந்தச் சாயத்தைச் சுட்டு எழுதுகிறது. வெயிலும் வெக்கையும் ஈரமும் அந்தச் சாயத்தைக் காலப்போக்கில் கெடுக்கும். வாசிப்பதற்குக் கிடைக்கும் ஒளியும் அச்சு இறுவட்டில் இருப்பதைவிடக் குறைவு. அதோடு டீவீடி வாசிப்பது சிவப்பு லேசர், 650 நனோமீற்றர். சீடிக்குக் கண்ணுக்குத் தெரியாத 780 நனோமீற்றர் ஒளி வேண்டும். பிளேயர்களில் இரண்டும் இருக்கும். அதனால் சினிமாப் படத்தை நன்றாகக் காட்டுகிற பிளேயர் ஒன்று அடித்த பாட்டு இறுவட்டைக் கண்டுகொள்ளாமல் விடலாம். ஆகவே ஒரு பிளேயர் வாசிக்கவில்லை என்பதற்காக இறுவட்டை எறிந்துவிடாதீர்கள். இன்னொரு பிளேயரில் போடுங்கள். மூன்றாவதிலும் போடுங்கள்.

எங்களுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டி வரவில்லை. இறுவட்டை வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தபோது பளபளப்பான பக்கத்தில் மங்கலாக ஒரு படை தெரிந்தது. பழைய பருத்தித் துணி ஒன்றைச் சுத்தமான தண்ணீரில் தொட்டுப் பிழிந்து, நடு ஓட்டையிலிருந்து வெளி விளிம்புக்கு நேராகத் துடைத்தோம். சுற்றிச் சுற்றித் துடைக்கக் கூடாது. பதிவு சுற்றுப் பாதையில் இருப்பதால் வட்டமாக விழும் கீறல் அதிக தூரத்தைக் கெடுக்கும், குறுக்கே விழுவதைப் பிளேயர் தாண்டிவிடும். எழுத்து இருக்கும் மேல்பக்கத்தை இன்னும் கவனமாகப் பிடிக்க வேண்டும். சீடியில் பதிவுப் படலம் அந்தப் பக்கத் தோலுக்குச் சற்றுக் கீழேதான் இருக்கிறது. அந்த மேல்பக்கத்தில் குமிழ்முனைப் பேனையால் அழுத்தித் தங்கையின் பெயர் எழுதியிருந்தது. அக்கா அதைப் பார்த்து, "இவற்றை எழுத்துத்தான்" என்றார்.

நன்றாகக் காயவிட்டு மறுபடி போட்டோம். கண்ணாடியில் இலக்கம் விழுந்தது. 14 பாட்டு, 61 நிமிடம்.

முதலில் மத்தளம். யாரோ இருமினார்கள். அண்ணாவியார் யாரையோ ஏசினார், திரும்பத் தொடங்கச் சொன்னார், பல பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குள்ளிருந்து ஒரு குரல் பாட்டை எடுத்தது. நான் அக்காவைப் பார்க்கவில்லை, சத்தத் திருகியையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்படியான நேரங்களில் எங்கே பார்ப்பது என்று எந்த உளசமூகப் பயிற்சியிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

ஆச்சி கதிரையிலிருந்து முன்னால் சரிந்து பெட்டியின் துணியில் உள்ளங்கையை வைத்தார். சத்தம் கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். கொஞ்சநேரம் அப்படியே இருந்துவிட்டு மருமகளைத் திரும்பிப் பார்த்து ஏசினார். "தொண்டை அடைச்சுப்போய்ப் பாடுறான். கொத்தமல்லி அவிச்சுக் குடுக்கேல்லையே நீ?"

"குடுத்தனான் மாமி" என்றார் அக்கா.

பிறகு எழும்பி, சாத்தியிருந்த யன்னல்களில் ஒன்றைத் திறந்துவிட்டு வந்து இருந்தார்.

பத்துப் பாட்டுகள் வந்தன. பதினோராவதில் ஓரிடத்தில் ஊசி குத்தியது போலத் திக்கித் திக்கி ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தது. ஆச்சிக்கு அது பிடிபடவில்லை, அக்காவுக்குத் தாங்க முடியவில்லை. நிறுத்திவிட்டோம். இறுவட்டு உள்ளேயிருந்து வெளியே வாசிக்கப்படுவது. எனவே பிற்பகுதிப் பாட்டுகள் விளிம்புப் பக்கம் இருக்கும். கை படுவதும் ஈரம் ஏறுவதும் அங்கேதான் கூட. ஆனால் என் எண்ணம், பேனையால் எழுதிய இடமும் அதற்கு நேர் மேலேதான் இருந்தது. அழுத்திய குமிழ்முனை கீழேயிருந்த படலத்தை நசுக்கியிருக்கும். இதை அக்காவிடம் நான் சொல்லவில்லை. இறுவட்டில் எழுத வேண்டியிருந்தால் நுனி மென்மையான மார்க்கர் பேனையால் எழுதுங்கள், முடிந்தால் நடுவிலுள்ள பிளாஸ்ரிக் வளையத்தில் மட்டும்.

அடுத்த வேலை பிரதி எடுப்பது. அதைத் தள்ளிப்போடக் கூடாது, இன்றைக்கு வாசித்த இறுவட்டு அடுத்த வருடம் வாசிக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. திங்கட்கிழமை அக்காவும் நானும் கிளிநொச்சிக்குப் போனோம். சீடி தட்டு உள்ள பழைய கணினி வைத்திருக்கும் கடை ஒன்றைக் கண்டுபிடிக்க நாலு இடம் ஏற வேண்டியிருந்தது. "வைச்சிட்டுப் போங்கோ, பின்னேரம் எடுக்கலாம்" என்றார்கள். அக்கா வைத்துவிட்டுப் போகவில்லை. அங்கேயே ஒரு ஸ்ரூலில் இருந்தார். அது சரியான முடிவென்றே நினைக்கிறேன். கடைக்காரர் நல்லவராக இருந்தாலும் கடையில் சாமான் மாறுவது வழக்கம்.

கேட்க வேண்டியது இது: 'வேவ்' வடிவத்தில் ஒரு பிரதி, 'எம்பீ த்ரீ' வடிவத்தில் ஒரு பிரதி. முதலாவது இறுவட்டில் உள்ளதைக் குறைக்காமல் வைத்திருக்கும், நிமிடத்துக்கு ஏறத்தாழ 10 எம்பி இடம் பிடிக்கும். அக்காவின் இறுவட்டுக்கு 600 எம்பிக்கு மேல் வந்தது. இரண்டாவது அதில் பத்திலொரு பங்களவில் முடியும், தொலைபேசியில் கேட்கவும் கட்டாருக்கு அனுப்பவும் அது போதும். மெதுவான வேகத்தில் வாசிக்கச் சொல்லுங்கள், கெட்டுப்போன இடங்களில் கூடுதலாகப் பிடிபடும். எங்களுக்குப் பதினோராவது பாட்டில் முக்கால்வாசி கிடைத்தது. மிச்சம் கிடைக்கவில்லை. இரண்டு பென்ட்ரைவ்களில் ஏற்றினோம், ஒன்று அக்காவிடம், மற்றது வவுனியாவில் தங்கை மகளிடம். ஒரே கூரைக்குக் கீழே இரண்டையும் வைப்பதில் பயனில்லை என்பது நம் சனத்துக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லாத பாடம்.

இப்போது கூத்துப் பழகுகிற இளம் பிள்ளைகள் சிலர் செய்தி அறிந்து அக்காவிடம் வந்தார்கள். அந்த அண்ணாவியாரும் இப்போது இல்லை. அவருடைய மெட்டில் சில பாட்டுகள் தங்களுக்குத் தெரியாது, பதிவில் இருக்கிறது என்றார்கள். அக்கா இரண்டு நாள் யோசித்துவிட்டுக் கொடுத்தார். பழகுவதற்கு மட்டும், ஹோர்னில் கட்டி ஊருக்குப் போடக்கூடாது என்று சொல்லித்தான் கொடுத்தார். (ஊருக்குப் போடுவதென்றாலும் பொலிஸ் அனுமதி வேண்டும். இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு மணிவரை ஒலிபெருக்கிக்குக் கட்டுப்பாடு உண்டு, உயர் நீதிமன்றம் 2007 இல் அப்படிக் கட்டளையிட்டது.)

ஆச்சி வியாழக்கிழமைகளில் கேட்கிறார். கூட்டம் இல்லாத வாரங்களில் அம்பிளிபயரை எடுத்துப் போகச் சங்கம் சம்மதித்திருக்கிறது. பூட்டுவது அக்காதான். நான் போகும்போது எல்லாம் பூட்டித் தயாராக இருக்கும்.

சென்ற கிழமை சங்கத்தில் இன்னொரு தாய் வந்து என்னைத் தனியே கூப்பிட்டார். மூத்த மகளின் சாமத்திய வீட்டு இறுவட்டு, 2006 இல் எடுத்தது, இவ்வளவு காலமும் பெட்டிக்குள் இருந்தது, மகள் இப்போது இல்லை. வாங்கிப் பார்த்தேன். அது பாட்டு இறுவட்டு அல்ல, வீசீடி. பிளேயர் அதையும் வாசிக்கும், ஆனால் அதற்கு மஞ்சள் வயரும் வேண்டும், ரீவியும் வேண்டும். தலைவி வீட்டில் ரீவி இருக்கிறது. அக்கா பிளேயரைக் கொண்டுவருகிறேன் என்றிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை போகிறோம்.